அடிநாதம் தரும் பெருங்குழல்

“சார், எம்மவன் பேர பேண்டு வாத்தியத்துலேருந்து எடுத்துடச் சொல்லி ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார் அந்த அம்மா. எங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர். அவருடைய மகன் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன். இப்போது பினாங்கில், டத்தோ கிராமாட்டில் உள்ள அத்தை வீட்டில் தங்கி இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். பள்ளி பேண்டு குழுவில் சேர்ந்த அவனுக்கு, இருப்பதிலேயே பெரிய குழலைக் கொடுத்துவிட்டார்களாம்.

“அதுக்குப் பேரு டியூபாவாம் சார். ஆளு ஒசரத்துக்கு இருக்குதாம். இவங்கப்பாவுக்கே இழுப்பு. இவன் அதை ஊதி ஊதி நெஞ்சு வத்திப் போச்சுன்னா நான் என்ன செய்வேன்?”

உடன் வந்திருந்த பாட்டிக்கு வேறு கவலை. “தூபாவா? அது மீனுக்குப் போடுற வெச வேரு இல்ல?” என்றார். மலாய் மொழியில் ‘தூபா’ என்றால், ஆற்றில் மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்படுத்தும் நச்சு வேர்தான். பாட்டி சொன்னதில் பிழையில்லை. ஆனால் வாத்தியத்தின் பெயர் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. பழைய ரோமானியர் போர்க்களத்தில் ஊதிய நீண்ட, நேரான உலோக ஊதுகுழலுக்கு அந்தப் பெயர் இருந்தது.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட்டேன். தாயின் அச்சத்தைத் தீர்க்க எனக்கு வழி தெரியவில்லை. அந்த வாத்தியம் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றை எதிர்த்துக் கடிதம் எழுதுவது ஆசிரியருக்கு அழகா? “ஒரு வாரம் பொறுங்கம்மா, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லி அனுப்பினேன்.

வாசக அன்பர்களே, அந்த ஒரு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டத்தோ கிராமாட் சாலையில்

அடுத்த சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் பெரி ஏறி ஜார்ஜ்டவுன் போய்ச் சேர்ந்தேன். டத்தோ கிராமாட் சாலை நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1894-ஆம் ஆண்டில் நகரத்தார் கொண்டுவந்த வெள்ளிரதம் தைப்பூசத்துக்கு முதல்நாள் தண்ணீர்மலை நோக்கிப் போகும் வழியில் இந்தச் சாலையும் ஒன்று. தேங்காய் உடையும் சத்தத்தையும் மேளச் சத்தத்தையும் அங்கே கேட்காதவர் நம்மில் குறைவு. 1907-இல் தொடங்கிய ‘ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங்’ என்ற ஈயம் உருக்கும் ஆலையும் இதே சாலையில்தான் இருந்தது. இப்போது அந்த ஆலை இல்லை. அந்தப் பக்கம் கடைத்தொகுதிகளும் அடுக்கு வீடுகளும் வந்துவிட்டன.

அந்த ஈயத்துக்கும் நம் கதைக்கும் ஒரு சிறிய உறவு உண்டு. டியூபாவைச் செய்வது பித்தளையால். செம்பும் துத்தநாகமும் ஏறக்குறைய 70-க்கு 30 என்று கலந்தால் பித்தளை. அந்தப் பித்தளைக் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைக்கும் பொடியில் வெள்ளீயம் சேர்கிறது. நம் நாட்டு மண்ணில் தோண்டிய ஈயம் உலகமெங்கும் போய் இப்படி எத்தனையோ பொருள்களை ஒட்டவைத்தது.

பையனின் அத்தை கதவைத் திறந்ததும் சிரித்தார். “வாங்க சார். உங்க மாணவன் வெறும் வாய்ப்பகுதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டாந்து புர்ர் புர்ருன்னு ஊதுறான். மோட்டார்சைக்கிள் ஸ்டார்ட் ஆகலையான்னு பக்கத்து வீட்டுக்காரரு வந்து கேட்டுட்டுப் போறாரு!”

அன்று பிற்பகல் பயிற்சி. பேண்டு ஆசிரியரிடம் அனுமதி பெற்று நானும் போனேன். டியூபா ஒரு நாற்காலியில் சாய்ந்து கிடந்தது. வளைந்து வளைந்து சுற்றிய மஞ்சள் குழாய். மேலே தாமரை இலை போல் விரிந்த வாய். “ஊதிப் பாருங்க சார்” என்றார்கள். மூச்சை இழுத்து, கன்னம் இரண்டும் பலூன்போல் புடைக்க ஊதினேன். காற்று போனது, சத்தம் வரவில்லை. இன்னும் பலமாக ஊதினேன். தலை சுற்றியது. மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போது என் பழைய மாணவன் மெல்லச் சொன்னான்: “சார், பலமா ஊதாதீங்க. உதட்ட அதிர விடுங்க. கொழந்த எச்சில் தெறிக்க ‘புர்ர்’னு செய்யுமே, அது மாதிரி.”

அப்படியே செய்தேன். அந்தப் பெரிய உடலுக்குள்ளிருந்து, தூரத்தில் கப்பல் ஊதுவது போல ஒரு சத்தம் புறப்பட்டது. நான் கற்பித்த பிள்ளை எனக்குக் கற்பித்தான். ஆசிரியருக்கு அதைவிட என்ன வேண்டும்?

உதடுதான் சீவாளி

நாதசுவரத்தில் ஒலியைப் பிறப்பிப்பது சீவாளி. டியூபாவுக்குச் சீவாளி கிடையாது. ஊதுபவரின் உதடுகளே அந்த வேலையைச் செய்கின்றன. உதடுகளை லேசாகச் சேர்த்து வைத்துக் காற்றைச் செலுத்தினால், காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது. உதட்டுத் தசை உடனே பழைய நிலைக்குத் திரும்பி மூடிக்கொள்கிறது. மறுபடி திறப்பு, மறுபடி மூடல். இப்படி ஒரு விநாடிக்குப் பல முறை நடப்பதைத்தான் அதிர்வு என்கிறோம்.

உதடு வைக்கும் கிண்ணம் போன்ற வாய்ப்பகுதி ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் அகலம்; டிரம்பெட்டைப் போல் இரு மடங்கு. பெரிய கிண்ணத்தில் உதட்டின் பெரும்பகுதி அடங்குகிறது. அதனால் உதடு மெதுவாக, தாராளமாக அதிர முடிகிறது. மெதுவான அதிர்வு என்றால் கனத்த குரல்.

இது மேனாட்டார் மட்டும் கண்ட வித்தை என்று எண்ணிவிடாதீர்கள். நம் கோயில்களில் ஊதும் சங்கு, கொம்பு, தாரை, எக்காளம், திருச்சின்னம் எல்லாமே உதடு அதிர்ந்து ஒலிப்பவை. சங்கு ஊதத் தெரிந்த தாத்தா ஒருவர் உங்கள் தோட்டத்தில் இருந்தால், அவர் பாதி டியூபா கற்றவர் என்றே சொல்லலாம்.

பதினெட்டு அடிக் காற்று

உதடு அதிர்ந்தால் மட்டும் போதாது. அத்தை வீட்டில் கேட்ட மோட்டார்சைக்கிள் சத்தம்தான் வரும். அதை இசையாக்குவது குழாய்க்குள் இருக்கும் காற்று.

பேண்டுகளில் அதிகம் காணும் பெரிய டியூபாவின் குழாயை நிமிர்த்தி நீட்டினால் ஏறத்தாழ 18 அடி இருக்கும். தொடக்கத்தில் கட்டைவிரல் பருமனில் இருக்கும் குழாய், போகப் போக அகன்று, முடிவில் ஒரு பெரிய தாம்பாளத்தின் அளவுக்கு விரிகிறது. உதடு ஒரு முறை திறக்கும்போது உள்ளே புகும் காற்றுத் துடிப்பு 18 அடி ஓடி வாயை அடைகிறது. அதில் ஒரு பங்கு வெளியே போய் நம் காதில் விழுகிறது. பெரும்பங்கு திரும்பி ஓடி வந்து உதட்டைத் தொடுகிறது. அது வந்து சேரும் நேரமும் உதடு திறக்கும் நேரமும் ஒத்துப்போனால், உதட்டுக்கு அது உதவிக்கரம் கொடுக்கிறது.

தொட்டில் ஆட்டும் தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொட்டில் திரும்பி வரும் நேரம் பார்த்து விரலால் தொட்டால் போதும், அது பெரிதாக ஆடும். நேரம் தவறித் தள்ளினால் கை வலிப்பதுதான் மிச்சம். நான் முதலில் ஊதியது நேரம் தவறித் தள்ளிய தொட்டில்.

இந்த நீளக் குழாயில் காற்று இயல்பாக ஆடும் மிகக் குறைந்த வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 29 முறை. அது மிகமிகக் கீழே உள்ள சுரம். உதட்டைச் சற்று இறுக்கினால் 58, பிறகு 87, பிறகு 116 என்று மடங்கு மடங்காகத்தான் குழாய் ஒப்புக்கொள்ளும். சுரக் கணக்கில் சொன்னால் 58-ஐ ‘ச’ என்று வைத்துக்கொண்டால் 87 ‘ப’; 116 மேல் ‘ச’; அதற்கடுத்தது ‘க’. இடையில் உள்ள சுரங்களை அந்தக் குழாய் தராது. சாரணர்கள் ஊதும் பியூகிளில் சில சுரங்களே திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

மூன்று விரல், மூன்று வால்வு

விடுபட்ட சுரங்களுக்கு என்ன வழி? குழாயை நீட்டிக்கொண்டால் சுரம் இறங்கும். ஊதும்போதே குழாயை எப்படி நீட்டுவது? அதற்குத்தான் வால்வு. தண்ணீர்க் குழாயில் கிளையைத் திறந்துவிடுவது போல, ஒரு வால்வை அழுத்தினால் காற்று நேர்வழியை விட்டு ஒரு கூடுதல் வளையத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது.

இரண்டாவது வால்வு ஏறத்தாழ 13 அங்குலக் குழாயைச் சேர்த்து அரைச் சுரம் இறக்குகிறது. முதல் வால்வு 26 அங்குலத்துக்குச் சற்று மேல் சேர்த்து ஒரு முழுச் சுரம் இறக்குகிறது. மூன்றாவது வால்வு 41 அங்குலம் போலச் சேர்த்து ஒன்றரைச் சுரம் இறக்குகிறது. இவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் அழுத்தி, இடையில் உள்ள சுரங்களை எடுக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. முதலையும் இரண்டாவதையும் ஒன்றாக அழுத்தினால் ஒன்றரைச் சுரம் இறங்க வேண்டும். ஆனால் 26-ம் 13-ம் 39 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வருகிறது; தேவையோ 41. ஏன் இந்தக் குறை? சம்பளக் கணக்காகப் பாருங்கள். 1000 வெள்ளிக்கு 6 விழுக்காடு உயர்வு 60 வெள்ளி. சம்பளம் 1120 ஆன பிறகு அதே 6 விழுக்காடு 67 வெள்ளி. குழாயும் அப்படித்தான். முதல் வால்வால் நீண்டுவிட்ட குழாயில் அரைச் சுரம் இறங்க 13 அங்குலம் போதாது. அந்தக் குறையை உதட்டாலும், குழாய்த் துண்டைச் சற்று வெளியே இழுத்தும், நல்ல டியூபாக்களில் இருக்கும் நான்காவது வால்வாலும் சரிசெய்கிறார்கள். ஆறாம் ஆண்டுக் கணக்குப் பாடம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்!

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். வாசிப்பவர் நடுநடுவே குழாயிலிருந்து தண்ணீர் வடிப்பார். “சீ, எச்சில்!” என்று முகம் சுளிப்போம். அதில் பெரும்பகுதி எச்சில் அன்று. சோற்றுப்பானை மூடியில் ஆவி படிந்து நீராவதுபோல, மூச்சின் ஈரம் குளிர்ந்த பித்தளையில் படிந்து சேர்ந்த நீர் அது.

பிறந்த கதை

வால்வு என்ற இந்த அருமையான ஏற்பாட்டுக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்டோல்செல், புளூமெல் ஆகிய இருவரும் 1818-இல் காப்புரிமை பெற்றார்கள். அதன்பிறகு பெர்லின் நகரில் இராணுவ பேண்டு நடத்திய வில்ஹெல்ம் வீப்ரெக்ட் என்பவரும், வாத்தியம் செய்யும் மோரிட்ஸ் என்பவரும் சேர்ந்து 1835-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-இல் டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றார்கள். திறந்த வெளியில் அணிவகுக்கும் படைக்கு, கனமான அடிக்குரல் தரும் வாத்தியம் வேண்டியிருந்தது.

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் மேனாட்டு இசையில் ஈடுபாடு கொண்டு அரண்மனையில் பேண்டு குழுவே வைத்திருந்தார். அவர் மறைந்தது 1832-இல். இன்னும் 3 ஆண்டு இருந்திருந்தால் இந்தப் பெருங்குழல் பிறந்த செய்தி அவர் காதுக்கும் எட்டியிருக்கக்கூடும். பின்னர் 1890-களில், நடந்துகொண்டே வாசிக்க வசதியாக, உடலைச் சுற்றித் தோளில் மாட்டிக்கொள்ளும் வகை அமெரிக்காவில் வந்தது. சூசா என்ற புகழ்பெற்ற பேண்டு தலைவரின் பெயரால் அதை சூசாபோன் என்கிறார்கள். ஊர்வலங்களில் தலைக்கு மேல் பெரிய வாய் விரிந்து வரும் வாத்தியம் அதுதான்.

ரப்பர்க் குழாயில் ஒரு சோதனை

தோட்டத்துக்குத் திரும்பிய நான், மறுவாரம் விடுமுறைக்கு வந்த பையனைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். அவன் தாயும் பாட்டியும் வந்தார்கள். லயத்துப் பிள்ளைகள் அழைக்காமலே வந்தார்கள். பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய பழைய ரப்பர்க் குழாயை 3 அடி, 6 அடி, 12 அடி என்று வெட்டி வைத்திருந்தேன். ஒரு முனையில் அவனுடைய வாய்ப்பகுதியைச் செருகி நாடா சுற்றினோம். மறுமுனையில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனல்.

3 அடிக் குழாயில் ஊதினான்; உரத்த குரல். 6 அடியில் குரல் இறங்கியது. 12 அடிக் குழாயை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்து ஊதினான். கன்றைத் தேடும் மாடு கத்துவது போல ஒரு கனத்த ஒலி வந்தது. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். புனலைக் கழற்றி ஊதச் சொன்னேன், சத்தம் சிறுத்துவிட்டது. வாய் விரிந்திருப்பதால்தான் ஒலி தாராளமாக வெளியேறுகிறது என்பதும் புரிந்தது.

“பித்தளை இல்லாமலே சத்தம் வருதே சார்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. பாடுவது பித்தளை அன்று. உள்ளே இருக்கும் காற்று. பித்தளை அந்தக் காற்றுக்குக் கட்டிய வீடு. வீட்டின் நீளமும் விரிவும்தான் குரலைத் தீர்மானிக்கின்றன. அந்தக் காற்று சூடானாலும் சுரம் ஏறும். காலையில் சுருதி சேர்த்த பேண்டு, உச்சி வெயிலில் மறுபடி சுருதி பார்ப்பது இதனால்தான்.

அந்தத் தாய் எதுவும் பேசவில்லை. மகனின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது புடைக்கவில்லை.

நெஞ்சு வற்றுமா?

டியூபாவுக்குக் காற்று நிறைய வேண்டும், அது உண்மை. ஆனால் அழுத்தம் குறைவாகவே போதும். சிறிய டிரம்பெட்டில் உச்ச சுரம் எடுப்பவர்தான் நெஞ்சை அதிகம் இறுக்க வேண்டியிருக்கும். டியூபா வாசிப்பவர் பெருமூச்சு விடுவதுபோல நிதானமாகக் காற்றை விடுகிறார். புதிதாகக் கற்பவருக்குத் தலை சுற்றலாம், எனக்குச் சுற்றியதே! உடனே நிறுத்தி ஓய்வெடுத்தால் சரியாகும். 8 முதல் 12 கிலோ வரை கனக்கும் வாத்தியத்தைச் சிறு பிள்ளைகள் உட்கார்ந்து, மடியிலோ தாங்கியிலோ வைத்து வாசிப்பது நல்லது. ஒருவர் வாய்வைத்த பகுதியைக் கழுவாமல் மற்றவர் வாய்வைக்கக் கூடாது.

இழுப்பு உள்ள குடும்பம் என்றால் என் பேச்சை நம்பி இருந்துவிடக் கூடாது. “முதலில் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள் அம்மா. டாக்டர் வேண்டாம் என்றால் அன்றே கடிதம் எழுதித் தருகிறேன்” என்றேன். போனார்கள். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, ஊதவும் வைத்துப் பார்த்த டாக்டர், பையனுக்குக் குறை ஒன்றுமில்லை, மூச்சு வாங்கினால் மட்டும் வரச்சொல்லி அனுப்பிவிட்டார்.

சுமையா, சுருதியா?

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். டத்தோ கிராமாட்டில் பஸ் நிறுத்தம் வரை என்னை வழியனுப்ப வந்த அன்றே பையன் ஒன்று சொல்லியிருந்தான். அதை அவன் தாயிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

“சார், யாரும் எடுக்காததால எனக்குக் குடுத்தாங்க. ‘தோட்டத்துப் பையன்தானே, தூக்கட்டும்’னு ஒருத்தன் சொன்னான்.”

எனக்கு நெஞ்சில் முள் தைத்தது. நம் தாத்தாமார் சுமந்த பால்வாளியும் காண்டாக்கம்பும் என் நினைவுக்கு வந்தன. பஸ் வருவதற்குள் என்ன சொல்வது? பயிற்சியில் நான் கவனித்த ஒன்றைச் சொன்னேன். நடுவில் ஒரு முறை பேண்டு ஆசிரியர் டியூபாக்களை மட்டும் நிறுத்தச் சொன்னார். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் அதே பாட்டைத் தொடர்ந்தன. பாட்டு கெடவில்லை, ஆனால் கால் தரையில் பாவாததுபோல் அந்தரத்தில் நின்றது. டியூபா மறுபடி சேர்ந்ததும் பாட்டுக்குத் தரை கிடைத்தது. நாதசுவரத்துக்குப் பின்னால் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒத்துக்காரரை யார் பார்க்கிறார்கள்? அவர் இல்லையென்றால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

“உன் கையில் இருப்பது சுமை இல்லப்பா, மற்றவங்க நிற்கிற தரை. அந்தப் பையன் ஊதுற சுரமும் உன் மேலதான் நிற்குது” என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. பஸ் கிளம்பும்போது கையசைத்தான்.

மூன்று மாதம் கழித்துப் பள்ளி விளையாட்டுப் போட்டி நாள். தாயும் நானும் திடல் ஓரத்தில் நின்றோம். பேண்டு அணிவகுத்து வந்தது. “எம்மவன் சத்தம் எது சார்? எல்லாம் ஒண்ணாக் கேக்குதே” என்றார். திடலைச் சுற்றிப் போட்டிருந்த இரும்புத் தடுப்பின்மேல் கையை வைக்கச் சொன்னேன். குழு எங்களைக் கடந்தபோது அந்த இரும்பு அவர் உள்ளங்கையில் மெல்ல அதிர்ந்தது. டிரம் சத்தமும் அதில் கலந்திருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. அவர் கையை எடுக்காமலே நின்றார்.

கடிதத்தைப் பற்றி அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்குப் போய்ப் புதிதாக எதையாவது கையில் எடுத்தால், உடனே அஞ்சி விலக்கிவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஆசிரியரைக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பிள்ளையையும் கேளுங்கள், நமக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் பழைய ரப்பர்க் குழாயும் ஒரு புனலும் இருந்தால், வரும் விடுமுறையில் அந்தச் சோதனையையும் செய்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!